கை தவறவில்லை, கணிப்பொறி தவறியது



கணிப்பொறியைப் பற்றி எழுதும் அளவுக்கு நான் படித்தவன் அல்ல. பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டுப் பருப்பு மண்டியில் உட்கார்ந்தவன். ஆனாலும் என் கடையில் நடந்த ஒன்றை நம் உறுப்பினர்கள் அறிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஒரு நல்ல பையனைத் திருடன் என்று எண்ணி வேலையை விட்டு அனுப்ப இருந்தேன்.

பில் போடும் பையனுக்குக் கண் வலிக்கிறது என்பதால் பெரிய திரை ஒன்று வாங்கினேன். பழைய திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி, அன்றைய விலைப் பட்டியல் தெரியும்படி வைத்தோம். ஒரே கணிப்பொறி, இரண்டு திரை. பார்க்க நன்றாகவே இருந்தது.

மாதக் கடைசியில் இருப்பு எடுத்தபோது துவரம் பருப்பில் 6 மூட்டை குறைந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. பில் போடுகிறவனும் கிட்டங்கி ஆளும் சேர்ந்துவிட்டார்களோ என்று மனம் கணக்குப் போட்டது. பையனைக் கூப்பிட்டுக் கடுமையாகவே கேட்டேன். அவன் கண் கலங்கிச் சொன்னான்:

“அண்ணாச்சி, நான் தொடுறது ஒண்ணு, அது எடுக்கிறது ஒண்ணா இருக்கு. அவசரத்துல சில நேரம் கவனிக்காம விட்டிருப்பேன். மூட்டையை நான் தொடலை.”

வேலைக்காரன் சொல்லும் சாக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மறுநாள் மற்றச் சரக்குகளையும் எண்ணியபோது உளுந்தில் சரியாக 6 மூட்டை கூடுதலாக இருந்தது. திருடினால் சரக்கு குறையும், கூடுமா? கிட்டங்கியில் கைச்சீட்டைப் பார்த்துச் சரியான மூட்டையை ஏற்றியிருக்கிறார்கள். பில்லில் மட்டும் துவரைக்குப் பதில் உளுந்து விழுந்திருக்கிறது.

தவறு எங்கே இருந்தது?

பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தோம். மவுஸை மாற்றினோம், தவறு நிற்கவில்லை. பில் மென்பொருளைப் பழைய திரைக்கு இழுத்து வைத்தோம். அங்கே எல்லாம் சரியாக வந்தது. புதிய திரைக்குக் கொண்டுவந்தால் மீண்டும் தவறு. அதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. பட்டியலின் மேல் வரிசையில் விலகல் தெரியவில்லை. கீழே போகப் போக அதிகமானது.

தராசு பிடித்த நமக்கு இது புரியும். வெறும் தட்டே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எல்லா நிறுவையிலும் ஒரே அளவு தவறும். தராசுக் கோலின் இரு கைகள் சமமாக இல்லாவிட்டால் எடை ஏற ஏறத் தவறும் ஏறும். எங்கள் தவறு இரண்டாவது வகை. ஆக, அளவுகோலில்தான் கோளாறு.

மென்பொருள் பழுது பார்க்கும் தம்பி வந்து பார்த்து அதையே சொன்னார். பழைய திரையில் எழுத்தின் அளவு 100 சதவீதம். புதிய திரைக்கு விண்டோஸ் தானாக 125 சதவீதம் வைத்திருந்தது. திரைக்குத் திரை வேறு அளவு வைக்கும் வசதி 2013-இல் விண்டோஸ் 8.1-இல்தான் வந்தது. எங்கள் பில் மென்பொருள் 2009-இல் வாங்கியது. அது எல்லாத் திரையையும் 100 என்றே எண்ணுகிறது. மேலிருந்து 4 அங்குலம் கீழே தொட்டால், 1 அங்குலம் தள்ளி எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு வகைக் கோளாறும் உண்டு என்றார். கணிப்பொறி தன் முதன்மைத் திரையின் இடது மேல் மூலையைப் பூஜ்யமாக வைத்து எண்ணுகிறது. இரண்டாவது திரை இடப்பக்கம் இருந்தால் அங்கே எண்கள் மைனஸில் வரும். சில பழைய மென்பொருளுக்கு மைனஸ் தெரியாது. மைனஸ் 1 என்பதை 65,535 என்று படித்துவிடும். அப்போது எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

செய்ய வேண்டியவை

1. திரையின் வெற்றிடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ திறந்து, இரண்டு திரைக்கும் ‘ஸ்கேல்’ ஒரே சதவீதமாக இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய பின் கணிப்பொறியை ஒரு முறை நிறுத்திப் போடுங்கள்.

2. இடப்பக்கத் திரையில் மட்டும் மவுஸ் வேலை செய்யவில்லையா? அதே பக்கத்தில் தெரியும் திரைப் படத்தை இழுத்து வலப்பக்கம் வையுங்கள். மேசையிலும் அப்படியே மாற்றி வையுங்கள். அல்லது பில் போடும் திரையையே முதன்மைத் திரையாக ஆக்குங்கள்.

3. இதில் தீராவிட்டால் மென்பொருளின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘கம்பாட்டிபிலிட்டி’ பகுதியில் ‘ஹை டிபிஐ’ அமைப்பை மாற்றலாம். விவரம் அறிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

4. புதுத் திரை, புதுக் கணிப்பொறி எது வந்தாலும், பட்டியலின் மேல், நடு, கீழ் என மூன்று சரக்குக்குச் சோதனை பில் போட்டுப் பார்த்த பிறகே வியாபாரத்தைத் தொடங்குங்கள்.

5. பில்லைக் கொடுக்கும் முன் சரக்கின் பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வரி உள்ள சரக்கும் இல்லாத சரக்கும் பட்டியலில் அடுத்தடுத்து இருந்தால் ஒரு வரிசை தவறினாலும் ஜி.எஸ்.டி. கணக்கே மாறிவிடும்.

நாங்கள் இரண்டு திரையையும் 100 சதவீதம் ஆக்கினோம். எழுத்து கொஞ்சம் சிறிதாயிற்று. பில் சரியாயிற்று. பழைய சீட்டுகளை எடுத்து, தவறிய பில்களுக்கு உரியவர்களிடம் நேரில் போய்க் கணக்கைச் சரிசெய்தேன். கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தேன். குறைவாகப் போட்டிருந்ததை, நிலைமையைச் சொன்னதும், பெரும்பாலோர் மறுக்காமல் தந்தார்கள்.

பையனிடம் கடை ஆட்கள் எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தேன். திட்டியது எல்லோர் காதிலும் விழுந்திருந்ததே! அவன் இன்றும் என் கடையில்தான் பில் போடுகிறான்.

தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். கணக்கு தவறினால் ஆளைப் பிடிக்கும் முன் அளவுகோலைப் பாருங்கள். தராசைச் சோதிக்காமல் எடை போடாத நாம், இந்த இயந்திரத்தை மட்டும் சோதிக்காமல் நம்பலாமா?

வாழ்க வணிகம்!