மருந்தைச் சுமக்கும் எண்ணெய்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில், வறுத்த பயறும் மரகதவல்லித் தாயாரின் அருளால் முளைவிடும் என்றும், அப்படி முளைத்தால் அதை மடியில் கட்டிக்கொண்ட பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்றும் தலைமுறைகளாக நம்பப்பட்டு வருகிறது. அதே வேண்டுதலோடு கருத்தரிப்பு மையங்களுக்குச் செல்லும் பெண்களில் பலர், புட்டத்துச் சதையில் நாள்தோறும் புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். கரு தங்குவதற்கு ஏற்றவாறு கருப்பையின் உட்சுவரைப் பேணும் இந்த ஹார்மோன் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. நீரில் ஏறக்குறைய கரையாதது என்பதால், நுண்கிருமி நீக்கிய நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவற்றில் கரைத்தே அது ஊசியாகத் தயாரிக்கப்படுகிறது.

மாத்திரையாக விழுங்கினால் புரோஜெஸ்டிரோனின் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுகின்றன. நேராக இரத்தத்தில் செலுத்தினாலோ சில நிமிடங்களிலேயே அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். எண்ணெயோடு தசைக்குள் செலுத்தும்போது, தசைநார்களுக்கு இடையில் அந்த எண்ணெய் ஒரு சிறு குட்டைபோலத் தேங்க, எண்ணெயை விட்டுப் பிரிய எளிதில் இசையாத ஹார்மோன் சிறிது சிறிதாகவே திசுநீருக்குள் கசிந்து இரத்தத்தை அடைகிறது. ஒரு நாள் முழுதும் மருந்து நிலைத்திருப்பதற்குக் காரணம் இந்தத் தயக்கமே. பணி முடிந்த புரோஜெஸ்டிரோனைக் கல்லீரல் பிரெக்னன்டயால் என்னும் பொருளாக மாற்றி, குளுகுரோனிக் அமிலத்தோடு இணைத்து நீரில் கரையச் செய்த பிறகு, அது பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறுகிறது.

ஸ்டீராய்டு மூலக்கூறோடு ஒரு கொழுப்பு அமிலத்தை வால்போலக் கோத்து எஸ்டராக்கினால் எண்ணெய்மீதான அதன் பற்று மேலும் கூடும். ஆண்மைச் சுரப்புக் குறைவுக்கு ஆமணக்கெண்ணெயில் தரப்படும் டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட், நீண்ட வாலின் துணையால் ஒரே ஊசியில் 10 முதல் 14 வாரங்கள்வரை பயன் தருகிறது. எண்ணெயிலிருந்து வெளிவந்தபின் உடலின் எஸ்டரேஸ் நொதிகள் வாலை வெட்ட, டெஸ்டோஸ்டிரோன் விடுபடுகிறது. ஆயினும் எல்லா எஸ்டர்களும் இவ்வாறு வெட்டப்படுவதில்லை. குறைப்பிரசவத்தைத் தடுப்பதற்கெனத் தரப்பட்ட ஹைட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் கேப்ரோயேட், வால் அறுபடாமலேயே கல்லீரலில் மாற்றமடைகிறது. கர்ப்பிணிகளின் உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 16 நாட்கள் ஆகும். அம்மருந்துக்கு 2011இல் அமெரிக்கா அளித்த ஒப்புதல், பயன் மெய்ப்பிக்கப்படாததால் 2023இல் திரும்பப் பெறப்பட்டது. உடலில் நெடுநாள் தங்குவது ஒரு மருந்தின் பயனுக்குச் சான்றாகாது என்பதை, ஊசியின் வலியைத் தாங்கும் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை மருத்துவத்துக்கு உண்டு.

ஹார்மோன் நீங்கிய பிறகும் எண்ணெய் உடனே போய்விடுவதில்லை. அதன் ஒரு பகுதி நிணநீர் நாளங்களின் வழியே நகர, எஞ்சியதை விழுங்கணுக்கள் உட்கொள்கின்றன. லிபேஸ் நொதிகள் அதைக் கொழுப்பு அமிலங்களாகப் பிரித்தபின், உணவில் சேர்ந்த எண்ணெயைப் போலவே அதுவும் உடலுக்கு எரிபொருளாகிறது. இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், நாள்தோறும் ஒரே இடத்தில் ஊசி போட்டால் எண்ணெய் தேங்கித் தசை கட்டிப்போகும். இடம்வலமாக மாற்றிப் போடச் சொல்வது அதற்காகவே. அரிதாக எண்ணெய்த் துளிகள் சிரைகளின் வழியே நுரையீரலை அடைந்து, ஊசி போட்ட உடனே இருமலையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்குவதும் உண்டு. எள்ளோ நிலக்கடலையோ ஒவ்வாதவர்கள் ஊசிக்கு முன்பே அதைத் தெரிவிப்பதும், மருந்துப் புட்டியில் இருப்பது எந்த எண்ணெய் என்று கேட்டறிவதும் இன்றியமையாதவை.