பழையாற்றில் விழுந்த பை மணக்குடிக்குப் போகும்

நாகர்கோவில் ஒழுகினசேரிப் பாலத்திலிருந்து பழையாற்றுக்குள் வீசப்படும் பாலித்தீன் பை எங்கே போகிறது? ஆற்றில் வெள்ளம் ஓடும் நாளில் சுசீந்திரத்தைத் தாண்டி மணக்குடிக் காயலுக்குப் போகிறது. அங்கே அலையாத்திச் செடிகளின் வேர்களில் கொஞ்சம் சிக்கிக்கொள்ளும். சிக்காதது கடலில் சேரும். இதே பை ஒரு சானலில் விழுந்தால் அதன் வழியாக வயலுக்கோ குளத்துக்கோ போகும். குமரி மாவட்டத்தின் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி அதற்குள் 18.7 லட்சம் பேர் வாழ்ந்தார்கள்; மக்கள் நெருக்கத்தில் தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம் நமக்குத்தான். மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரை சானலும் குளமும் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. குளங்கள் மட்டும் 2,000-க்கு மேல். இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டின் குப்பை அந்த வீட்டோடு நிற்பதில்லை.

அன்றாட வாழ்க்கையை இயற்கைக்கு ஒத்ததாக மாற்றிக்கொள்வது எப்படி என்று கேட்டால், இப்போதெல்லாம் மூங்கில் பல்துலக்கி, எஃகு உறிஞ்சுகுழல் என்று ஒரு கடைப்பட்டியலே பதிலாக வருகிறது. நாஞ்சில் நாட்டுக்காரருக்கு அந்தப் பட்டியல் பெரும்பாலும் தேவையில்லை. இங்கே புதிதாக வாங்க வேண்டியது மிகக் குறைவு. விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான் அதிகம். ஓலைப்பெட்டி முடைகிறவர், பனை ஏறுகிறவர், கும்பப்பூப் பருவத்தில் நெல் போடுகிறவர், வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர் என்று எல்லோரும் இன்னும் இருக்கிறார்கள். நம் காசு அவர்களிடம் போகிறதா, வேறெங்காவது போகிறதா என்பதில்தான் இந்த மாவட்டத்தின் பசுமை பெரும்பகுதியும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் பிளாஸ்டிக். இதில் குமரி மாவட்டத்துக்குப் பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ராஜேந்திர ரத்னூ ஆட்சியராக இருந்தபோது, பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக மாவட்டம் முழுக்கக் கடுமையான நடவடிக்கை எடுக்கப்பட்டது. சேகரித்த பிளாஸ்டிக்கைத் துண்டாக்கித் தாரோடு கலந்து சாலையும் போட்டார்கள். மாநிலம் முழுவதற்குமான தடை 2019 ஜனவரி 1-ல்தான் வந்தது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பொருள்கள் அந்தத் தடைக்குள் அடக்கம். பிளாஸ்டிக் பையைத் தடைசெய்தது எல்லோருக்கும் தெரியும். மற்றவை பலருக்குத் தெரிவதில்லை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை அந்தப் பட்டியலில் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் இருக்கிறது. துணி போலவே தோன்றும் நெய்யாத பையும் இருக்கிறது. பார்வைக்குத் துணிதான், ஆனால் அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணோடு கலக்கும், மட்காது. ஜவுளிக்கடையில் அதைக் கொடுத்தால் துணிப்பை கிடைத்தது என்று நம்பி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

உண்மையான துணிப்பைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியதிலிருந்து கல்யாண வீட்டிலும் கூட்டங்களிலும் மஞ்சப்பை தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு வீட்டில் பத்துப் பை சேர்ந்துவிடுகிறது. ஆனால் பருத்தி விளையவும் நூற்கவும் சாயமேற்றவும் தண்ணீரும் மின்சாரமும் நிறையச் செலவாகின்றன. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான், ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் அது மேலாகும் என்று கணக்கிட்டது. வடசேரி கனகமூலம் சந்தைக்கு வாரம் ஒரு முறை எடுத்துப்போனால் 131 முறை ஆவதற்கு இரண்டரை ஆண்டு பிடிக்கும். பிளாஸ்டிக் பை குளத்தை அடைப்பதும் மாட்டின் வயிற்றில் தங்குவதும் அந்தக் கணக்கில் வராது. அவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பிளாஸ்டிக் பை நமக்கு ஒருபோதும் கட்டுப்படியாகாது. எனவே மஞ்சப்பை நல்லதுதான், ஆனால் ஒரே பையைக் கிழியும்வரை பயன்படுத்தினால் மட்டும். பதினோராவது பையை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கல்யாணப் பந்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பருப்பு, நெய், பப்படம், சாம்பார், அவியல், எரிசேரி, புளிசேரி, ரசம், மோர், பிரதமன் என்று வரிசையாக வரும் நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு வாழையிலைக்கென்றே அமைந்தது. சாப்பிட்ட இலை மாட்டுக்குத் தீவனம், மிச்சம் தென்னை மூட்டுக்கு உரம். கழுவத் தண்ணீர் வேண்டாம், குப்பையும் இல்லை. அப்படியிருந்த பந்தியில் இலைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளும், இலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தண்ணீர் பாட்டிலும் வந்து உட்கார்ந்தன. பந்தி முடிந்ததும் தாளை இலையோடு சேர்த்துச் சுருட்டி, பாதி குடித்த பாட்டிலையும் உள்ளே போட்டு அள்ளிவிடுகிறார்கள். அப்புறம் அந்த இலையை மாட்டுக்குப் போட முடியாது, உரக்குழியிலும் போட முடியாது. ஐந்நூறு பேர் சாப்பிட்ட இலை முழுவதும் இந்த இரண்டு பொருளால் வெறும் குப்பையாகிவிடுகிறது. பாத்திரம் வாடகைக்குத் தரும் கடைகளில் எஃகு தம்ளர் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். மேசையைத் துடைக்க ஈரத்துணி போதும். மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுக்கும்போதே இந்த இரண்டு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்று காலையில் சொன்னால் நடக்காது. ஒரு வீட்டார் ஒரே நாளில் இதைவிடப் பெரிய பலனைத் தரும் செயலைச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாலைக்கும் இது பொருந்தும். தோவாளைப் பூ நாரில் கட்டியிருந்தால் நாலு நாளில் மண்ணாகும். பிளாஸ்டிக் நூலும் சரிகைத் தாளும் சேர்ந்த மாலை ஆகாது.

இனி வீட்டுக் குப்பை. நம் ஊர்களின் குப்பையில் ஏறக்குறைய பாதி சமையலறையில் சேரும் ஈரக் கழிவுதான். மலையாகக் குவித்த குப்பைக்குள் காற்றுப் புகாமல் அது அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. எளிதில் தீப்பற்றவும் செய்யும். வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கின் அருகே வாழ்கிறவர்களுக்குக் குப்பைத் தீயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஈரக்கழிவு நம் வீட்டுத் தென்னை மூட்டில் மண் மூடிக் கிடந்தால் மீத்தேன் பெரிதாக உண்டாகாது. காற்றோடு மட்கி உரமாகும். மேலே கதம்பையைக் கவிழ்த்துப் பரப்பினால் கோடையிலும் ஈரம் நிற்கும். இது புதுமை ஒன்றுமில்லை. விளை வைத்திருக்கும் வீட்டாருக்குத் தெரிந்த பழக்கம்தான். மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஓட்டை போட்ட பெரிய மண்பானையும் காய்ந்த சருகும் போதும். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு போட்டால் நாறாது.

கொஞ்சம் இடமும் மாதம்தோறும் எரிவாயுச் செலவும் உள்ள வீட்டுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம், நார்டெப் என்று அழைக்கப்படுவது, சமையலறைக் கழிவிலேயே இயங்கும் ‘சக்தி சுரபி’ என்ற உயிரி எரிவாயுக் கலத்தைப் பரப்பியது. தொடங்கும்போது மட்டும் சாணம் வேண்டும்; பிறகு மிஞ்சிய சோறு, மீன் கழிவு, கிழங்குத் தோல் எல்லாவற்றையும் அது ஏற்கும். வெளியே வரும் கரைசல் நல்ல உரம். இந்தப் பணிக்காக 2006-ல் லண்டனின் ஆஷ்டென் விருது அந்த அமைப்புக்குக் கிடைத்தது. உலகம் பாராட்டிய கலம் நம் மாவட்டத்தில் செய்தது. இங்கே அதிகம் பேர் அதைக் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு வருத்தம்.

காலையில் வாரியலால் முற்றம் பெருக்கிச் சருகைக் கூட்டி எரிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் குவியலில் பால் கவரும் மிட்டாய்த் தாளும் சேர்ந்துவிடுவதுதான் ஆபத்து. தாழ்ந்த சூட்டில் எரியும் பிளாஸ்டிக் நச்சுப் புகையை விடுகிறது. பிவிசி குழாய்த் துண்டோ வயரோ கலந்திருந்தால் டயாக்சின் என்ற நஞ்சும் உண்டாகிறது. அந்தப் புகை முதலில் போவது தீ மூட்டியவரின் நெஞ்சுக்குள்தான், அடுத்தது பக்கத்து வீட்டுத் தொட்டில் குழந்தைக்கு. சருகைக்கூட எரிக்க வேண்டாம். பிளாஸ்டிக்கை எந்தக் காரணத்துக்காகவும் எரிக்கக் கூடாது.

2016-ன் திடக்கழிவு விதிகள் ஈரக்கழிவு, உலர்கழிவு, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. பிரிக்காமல் கொடுத்தால் யாராவது ஒருவர் தன் கையால் பிரிக்கத்தான் வேண்டும். நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் தாளில் சுற்றி, மேலே அடையாளம் போட்டுத் தனியாகக் கொடுப்பது சுற்றுச்சூழல் விஷயம் என்பதைவிடத் தூய்மைப் பணியாளரின் மரியாதையைக் காப்பது. இதற்குக் காசு செலவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையை உடைத்து லாரி லாரியாகக் கொண்டுபோவதற்கும், கேரளத்திலிருந்து இறைச்சிக் கழிவை ஏற்றிவந்து இங்கே கொட்டுவதற்கும் வீட்டுப் பெண்ணின் துணிப்பை பதிலாகாது. அது அரசும் நீதிமன்றமும் செய்ய வேண்டிய வேலை. கேள்வி கேட்பது நம் வேலை. டீக்கடைக்காரரிடம் மட்டும் அபராதம் வாங்கிவிட்டு, தடைசெய்த குவளையைத் தயாரிப்பவரை விட்டுவிடுவதில் நியாயமில்லை. அதற்காக வீட்டில் செய்யக்கூடியதைத் தள்ளிப்போடவும் காரணமில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். நாஞ்சில் நாடு நெல்லுக்குப் பேர்போன நாடு. 1906-ல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது இந்த வயல்களுக்காகத்தான். இன்று மாவட்டத்தில் நெல் விளையும் நிலம் சுமார் 6,500 ஹெக்டேருக்குச் சுருங்கிவிட்டது. வயல் மனையாகும்போது நெல் மட்டும் போவதில்லை. ஆயக்கட்டு இல்லாத குளத்துக்குத் தண்ணீர் திருப்ப ஆளில்லை, தூர்வார ஆளில்லை. கொஞ்ச நாளில் கரையில் குப்பை விழத் தொடங்கும். சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் என நம் மாவட்டத்தின் இரண்டு நீர்நிலைகள் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கே வலசை வரும் பறவைகளும், பக்கத்து வயலில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் போடுகிற விவசாயியும் ஒரே தண்ணீரை நம்பியிருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் தெரிந்த விவசாயியிடமோ உள்ளூர் ஆலையிலோ நாலைந்து மாதத்துக்கான அரிசியை மொத்தமாக வாங்கிவைப்பது பாட்டிமார் செய்துவந்ததுதான். அதற்கு ஒரு சாக்குப் போதும், மாதாமாதம் பிளாஸ்டிக் பை சேராது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழமும் அப்படியே. பெட்டியில் வரும் வெளிநாட்டு ஆப்பிளுக்குக் கொடுக்கும் விலையை, பேரம் பேசாமல் மட்டிக் குலைக்கும் கொடுக்கலாம்.

கருப்பட்டிக்குப் பேரம் பேசுவதுதான் எனக்கு ஒப்பாத இன்னொரு காரியம். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டர் அளவுக்கு அக்கானி, அதாவது பதநீர், வேண்டும். அதற்குக் கோடை வெயிலில் ஒருவர் நாளுக்கு இரண்டு முறை பனை ஏறி இறங்க வேண்டும், வீட்டுப் பெண்கள் மணிக்கணக்கில் அடுப்பின் முன் நின்று காய்ச்ச வேண்டும். இத்தனைக்குப் பிறகு சீனி விலையில் கருப்பட்டி கிடைக்கிறது என்றால் அதில் சீனி கலந்திருக்கிறது என்றுதான் பொருள். சரியான விலை கிடைக்காததால்தான் ஏறுகிறவர் குறைந்தார், ஏற ஆளில்லாத பனை செங்கல் சூளைக்குப் போனது. பனையை வெட்டுவதற்கு ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அனுமதி முறை மரத்தை நிறுத்திவைக்கும். வருமானம்தான் அதை வாழவைக்கும். பரிசுப் பொருளுக்குப் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் ஓலைப்பெட்டி வாங்கினாலும் அந்த வருமானத்தில் ஒரு பங்கு சேரும்.

கடைசியாக மீன். குமரி மாவட்டத்துக்கு இரண்டு கடற்கரை இருப்பதால் விசைப்படகுத் தடைக்காலமும் இரண்டு. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் இனம் பெருக விடும் நாள்கள் அவை. அந்த நாள்களில் நாட்டுப்படகுக்குத் தடையில்லை; வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்கள் கொண்டுவரும் சாளை, நெத்திலி, அயலை கரைக்கு வரும். பெரிய மீன்தான் வேண்டும் என்று ஐஸில் வைத்துத் தொலைவிலிருந்து வரும் மீனைத் தேடாமல் இவற்றை வாங்கினால், காசு கரையிலேயே நிற்கும். சாளையும் நெத்திலியும் சீக்கிரம் பெருகும் மீன்கள், சத்திலும் குறைந்தவை அல்ல. ஆனால் அளவு பார்த்து வாங்க வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த சாளையைப் பிடிக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. சந்தையில் கூறு போட்டிருப்பதில் விரல் நீளக் குஞ்சு கிடந்தால், வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் ஏன் வேண்டாம் என்பதையும் விற்கிற அம்மாவிடம் சொல்லலாம். அடுத்த நாள் ஏலத்தில் அவர்தான் கேட்கப்போகிறார். வாங்கப் போகும்போது கையில் ஒரு மூடி போட்ட பாத்திரம் இருக்கட்டும்.