டிஜிட்டல் கதையும் வகுப்பறையும்: குரல், மொழி, உடைமை பற்றிய சில குறிப்புகள்

பதினொன்று முதல் பதினான்கு வயது வரையிலான மாணவர்க்கு டிஜிட்டல் கதையாக்கம் கற்பிப்பது இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. மாணவர் தம் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்து, சுருக்கமாக எழுதி, தம் குரலிலேயே பதிவுசெய்து, நிழற்படங்களையும் ஓவியங்களையும் அதனோடு இணைத்து இரண்டு மூன்று நிமிடக் குறும்படமாக அமைப்பர். இதுபற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் எந்த மென்பொருள், எத்தனை கணினி என்ற அளவிலேயே முடிந்துவிடுகின்றன. யார் பேசுகிறார், எந்த மொழியிற் பேசுகிறார், பேசியது யாருக்கு உரியது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. அவற்றையே இங்கு நோக்க விழைகின்றோம்.

இவ்வடிவத்தின் தோற்றம் அரங்கோடு தொடர்புடையது. டேனா அட்ச்லி என்னும் கலைஞர் தம் வாழ்க்கைக் கதைகளை மேடையிற் கூறி, பின்னணியிற் படங்களைத் திரையிட்டு வந்தார். 1993இல் லொஸ் ஏஞ்சலிசிலுள்ள அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தில் அவர் நடத்திய பட்டறையிலிருந்து இவ்வியக்கம் கிளைத்தது. அரங்கச் செயற்பாட்டாளரான ஜோ லம்பேர்ட்டும் பிறரும் அதனை நிறுவனமாக்கினர். 1998இல் அது கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் டிஜிட்டல் கதைசொல்லல் மையமாக நிலைபெற்றது. 2001இல் அயல்நகரான ஓக்லண்டின் மேற்குப் பகுதியில், வறிய கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை முடிந்த பின் நடைபெறும் கதைப்பட்டறை ஒன்றைக் கிளிண்டா ஹல் என்ற கல்வியியலாளர் பிறரோடு சேர்ந்து தொடக்கினார். பாடசாலை எழுத்தில் பின்தங்கியோர் எனக் கணிக்கப்படும் பிள்ளைகள் தம்மைப் படைப்போராகக் காண்பதற்கு அது இடமளித்தது என்பதே நமக்கு முக்கியமானது.

எனினும் கருவியைச் சிறுவர் கையில் ஒப்படைக்கும் எண்ணம் கணினியோடு பிறந்ததன்று. முதலாம் உலகப் போரில் நுரையீரலிற் காயமுற்று, நெடுநேரம் உரத்துப் பேச இயலாதவராகத் திரும்பிய செலஸ்தின் பிரெனே, தென் பிரான்சின் பார்-சூர்-லூ என்னும் கிராமப் பாடசாலையில் 1920களின் நடுப்பகுதியில் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வகுப்பறைக்குட் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் கண்டதையும் செய்ததையும் எழுதினர். அச்சிடத்தக்கதை வாக்களித்துத் தெரிந்தனர். தம் கையாலேயே எழுத்துக் கோத்தனர். தொலைவிலுள்ள பாடசாலைகளுக்கு அனுப்பி, அங்கிருந்து வந்தவற்றை வாசித்தனர். போர்க்களத்திலிருந்து மீண்டோர் பகிரத்தக்க அனுபவம் வறண்டு மௌனிகளாயினர் என்று வோல்ட்டர் பெஞ்சமின் 1936இல் கதைசொல்லி பற்றிய கட்டுரையில் எழுதினார். அதே போரிலிருந்து மீண்ட ஓர் ஆசிரியர் சிறுவரிடம் உற்பத்திச் சாதனத்தையே கையளித்தார் என்பது வரலாற்றின் சுவையான முரண். இன்றைய கைத்தொலைபேசி அவ்வச்சுப்பொறியினும் ஆற்றல் மிக்கது. ஆனால் பிரெனேயின் வகுப்பில் இருந்த கூட்டுத் தெரிவும் கைமாற்றும் அதனோடு தாமாக வந்துவிடுவதில்லை.

அவை வருவதற்குரிய இடம் கதைவட்டம். பேர்க்லி முறையில் கணினியைத் தொடுமுன்னரே பங்குபற்றுவோர் வட்டமாக அமர்ந்து, தம் கதையை வாய்மொழியாகக் கூறிப் பிறர் கருத்தைக் கேட்பர். பாடவேளை குறுகியது எனக் காரணங்காட்டி வகுப்பறைகளில் முதலில் வெட்டப்படுவது இதுவே. நமது கருத்தில், வெட்டவே கூடாதது இது ஒன்றுதான்.

ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தாய் மத்திய கிழக்கிற்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்ற ஒரு மாணவி, பிரிந்த நாளைக் கதையாக்க விரும்புகிறாள் எனக் கொள்வோம். தனிக்குரல், உணர்ச்சி, சிக்கனம் என்பவற்றை வலியுறுத்தும் வழமையான பயிற்சி அவளைக் கண்ணீரில் முடியும் கதைக்கு இட்டுச் செல்லும். கண்ணீர் பொய்யன்று, ஆயின் அது போதாது. வட்டத்தில் இருப்போர் கேட்பர்: பயணத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கடன் எப்போது தீரும்? இப்போது வீட்டில் உலை வைப்பது யார்? இதே நிலை வேறு யார் வீட்டில் உண்டு? இரண்டு கைகள் உயர்ந்தாற்கூட, அவளது துயரம் தன் விதி என்ற நிலையிலிருந்து உழைப்புச் சந்தை, கடன், பெண்ணின் வேலை என்பவற்றோடு பிணைந்த சமூக உறவாகத் தெரியத் தொடங்கும். ஆசிரியர் இதைப் பிரசங்கமாகக் கூறிவிட்டால் பயனில்லை. கேள்வி சகமாணவர் வாயிலிருந்து வரவேண்டும்.

அடுத்து எழுத்து. ஆங்கிலப் பட்டறைகள் ஏறத்தாழ 250 சொற்களை அளவாகக் கொள்வன. உருபும் விகுதியும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்களுக்கு அவ்வளவு பொருந்தாது. 150, 160 சொற்களே இரண்டு நிமிடத்தை நிரப்பிவிடும். இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. "நான் ஒரு பழைய குடை" என்று சடப்பொருளின் சுயசரிதையை எழுதிப் பழகிய நம் மாணவர், தம் கதையையும் அந்தக் குடையின் தமிழிலேயே எழுதுவர். தாளில் அது உறுத்தாது. ஒலிவாங்கியின் முன் "என் அன்னை அயல்நாடு ஏகினாள்" என வாசிக்கும்போதுதான் அக்குரல் யாருடையதுமன்று என்பது வெளிப்படும். "அம்மா வெளிநாட்டுக்குப் போயிட்டா" என்பதை அவள் கூறும்போது திருத்துவதற்கு ஆசிரியருக்கு உரிமை உண்டா? 1960களின் தொடக்கத்தில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளரின் படைப்புகளில் வந்த பேச்சுமொழி இழிசனர் வழக்கு எனத் தாக்கப்பட்டது. புனைகதையில் அவ்விவாதம் எப்போதோ தீர்ந்துவிட்டது. மொழிப்பாட வகுப்பில் இன்னும் தீரவில்லை. மலையகச் சிறுவனின் தமிழும் மட்டக்களப்புச் சிறுமியின் தமிழும் பதிவாகும்போதே பதிவுக்குப் பெறுமதி உண்டு. உச்சரிப்புத் தெளிவைக் கோரலாம். வழக்கை மாற்றக் கோரலாகாது.

பதிவில் இரைச்சலே முதற் பகை. தட்டியால் மட்டும் பிரிக்கப்பட்ட வகுப்பறைகளில் அடுத்த வகுப்பின் வாய்ப்பாடும் சேர்ந்து பதியும். மின்விசிறி நிறுத்தப்பட்ட நூலகமே ஏற்றது. ஐவருக்கு ஒரு தொலைபேசி போதும், அதனைச் சுழற்சியிற் பயன்படுத்துவதாயின். படத்தைப் பொறுத்து ஒன்று கூறுவோம். தாயைப் பற்றிய வாக்கியத்துக்குத் தாயின் படம் வைத்தல் மிகைபடக் கூறலே. வெறுமையான உடைக்கொடியோ, பணம் வந்த பற்றுச்சீட்டோ வைத்தால் சொல் கூறாததைப் படம் கூறும். சொல்லும் படமும் கூடிப் பிறக்கும் பொருள் இரண்டின் கூட்டுத்தொகையன்று என்று 2005இல் ஹல்லும் மார்க் நெல்சனும் தம் ஆய்வில் வாதிட்டதை ஆறாம் வகுப்பு மாணவர் இவ்வாறு செய்து பார்த்தே விளங்கிக்கொள்வர்.

இறுதியாக உடைமை. நிறைவுற்ற கதை பெரும்பாலும் ஏதேனும் ஒரு வணிகத் தளத்தில் ஏற்றப்படுகிறது; சிறுவரின் உழைப்பும் குரலும் முகமும் விளம்பர வருவாய்க்கு மூலப்பொருளாகின்றன. நன்கொடை திரட்டுவோர்க்கும் கண்ணீர்க் கதைகள் வாய்ப்பானவை. புள்ளி வழங்கும் முறையும் இங்கு தீங்கு செய்யும்: கூடிய துயரத்துக்குக் கூடிய புள்ளி என்று மாணவர் கண்டுகொண்டால் அடுத்த தவணையில் எல்லார் வீட்டிலும் இழவு நிகழும். ஆதலால் கதைவட்டத்தில் கூறியதைக் கதையாக்காமல் விடவும், வேறொரு கதையைத் தெரியவும் மாணவருக்கு உரிமை இருத்தல் வேண்டும். மேற்கூறிய மாணவியின் கதை பாடசாலை மண்டபத்திற் காட்டப்படுமாயின், அவளும் வீட்டாரும், இயலுமாயின் தொலைவிலிருக்கும் அத்தாயும், முன்னரே அதைப் பார்த்து இசைந்திருக்க வேண்டும். மூலப் பதிவு பாடசாலைக் கணினியில் தங்காது அவள் கையிற் சேரவேண்டும்.