பழைய ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? காதை மட்டும் நம்பாதீங்க... உஷார்!

சென்னை: இப்போது வருகிற டி.வி.க்கள் எல்லாம் தகடு மாதிரி ஒல்லி. படம் பளிச். ஆனால் சத்தம்? தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. உள்ளே நல்ல ஸ்பீக்கர் வைக்க இடமே இல்லாதபோது 'கும்' சத்தம் எங்கிருந்து வரும்?

அதனால்தான் 'ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர் வாங்கிப் போட்டா என்ன?' என்ற ஆசை பலருக்கும் வருகிறது. கடையில் புதுசு விலையைக் கேட்டால் தலை சுத்துது. தானாகவே கண் பழசு பக்கம் போகிறது.

பழசு வாங்குவதில் தப்பே இல்லை. பாட்டுப் பைத்தியங்கள் என்று ஒரு கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. இன்றைக்கு ஒரு ஜோடி வாங்குவார்கள். ஒரு வருஷம் கேட்பார்கள். அதைவிட நல்லதாக ஒன்று கண்ணில் பட்டால் இதை வித்துவிட்டு அதை வாங்குவார்கள். பொருளைக் குழந்தை மாதிரி துடைத்து வைத்திருப்பார்கள். இந்த மாதிரி ஆளிடம் வாங்கினால் அதிர்ஷ்டம்தான்.

1985-ல் தீயில் கருகிய மூர் மார்க்கெட் காலத்தில் பழைய சாமானை நேரில் தடவிப் பார்த்துதான் வாங்கினார்கள். அண்ணா சாலை பக்கத்து ரிச்சி தெருவிலும் நாலு கடை ஏறி இறங்கினால் விவரம் தெரிந்துவிடும். இப்போது பல வியாபாரம் செல்போன் படத்தைப் பார்த்தே முடிந்துவிடுகிறது. அங்கேதான் ஆப்பு. மாசம் பூரா ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு, ஓட்டை ஸ்பீக்கரில் போய் முடங்கிவிடக் கூடாதே. வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்கணும்? இதோ...

வாட்ஸ் கணக்கு வேண்டாம்!

'ஆயிரம் வாட்ஸ் சார், தெருவே அதிரும்' என்பார்கள். பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால் அந்தக் கணக்கைக் குப்பையில் போடுங்கள். அதை அளக்கப் பொதுவான விதிமுறையே கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்ட எண் அது. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். தொடர்ந்து பாடினால் தாங்குகிற சக்தியை அதுதான் ஓரளவு சரியாகச் சொல்லும்.

இன்னொரு எண்ணும் முக்கியம். அது டெசிபல். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதைச் சொல்வது. 87 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்ஸில் தருகிற சத்தத்தை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்ஸிலேயே தந்துவிடும். 3 டெசிபல் கூடினால் பாதி சக்தி போதும். வீட்டில் சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் வாட்ஸை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பார்ப்பதே லாபம்.

ஓரத்து வளையம் ரப்பரா, ஃபோமா?

முன்பக்க வலையைக் கழற்றச் சொல்லுங்கள். 'கழட்ட வராது சார்' என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். பெரிய ஸ்பீக்கரின் கோனைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ரப்பராக இருந்தால் பல வருஷம் தாங்கும். ஃபோமாக இருந்தால் பத்துப் பதினைந்து வருஷத்தில் மக்க ஆரம்பித்துவிடும். சென்னை மாதிரி ஈரக் காற்று அடிக்கிற ஊரில் இன்னும் சீக்கிரம்.

இதில் ஒரு விஷயம். பாட்டே போடாமல் மூடி வைத்திருந்தாலும் ஃபோம் மக்கும். அதனால் 'வாங்கி வச்சதோட சரி, யூஸ் பண்ணவே இல்ல' என்பது பெருமை இல்லை. விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பொடிப் பொடியாக உதிர்ந்தாலோ, பிசுபிசுவென்று ஒட்டினாலோ ஆயுள் முடிந்தது. வளையத்தை மட்டும் மாற்றித் தருகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

அடுத்து, பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு கை விரல்களாலும் கோனைச் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் சரி. 'சரக் சரக்' என்று உரசினால் உள்ளே காயில் தேய்கிறது என்று அர்த்தம். வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

ட்வீட்டர் பாடுதா?

பெரிய ஸ்பீக்கர் நன்றாக அதிர்ந்தால் 'சூப்பர்' என்று காசை எடுத்துவிடுகிறோம். மேலே சின்னதாக இருக்கிற ட்வீட்டர் செத்துப் போயிருந்தாலும் பாட்டு கேட்கத்தான் செய்யும். சலங்கை, சிம்பல், வயலின் மேல் ஸ்தாயி எல்லாம் மங்கலாகிவிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் சவுண்டைக் குறைத்து வைத்து, காதை ட்வீட்டர் கிட்ட கொண்டுபோய்க் கேளுங்கள். இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி கேட்கணும். ட்வீட்டர் எரிவதற்குப் பெரிய காரணம் அதிக வாட்ஸ் இல்லை. சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகி, சத்தம் கரகரவென்று உடைகிற வரை வைப்பதுதான். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் ஓடிய வீட்டு ஸ்பீக்கர் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

சோதிக்க உங்களுக்கு மனப்பாடமான பாட்டையே போடுங்கள். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் எங்கே ஓடும், புல்லாங்குழல் எங்கே வரும் என்று உங்கள் காதுக்கே தெரியும். விக்கிறவர் போடுகிற பாட்டில் எந்த ஸ்பீக்கரும் நன்றாகத்தான் பாடும்.

மீட்டர் பொய் சொல்லாது!

எலக்ட்ரீஷியன் நண்பர் இருந்தால் மல்டி மீட்டரோடு கூட்டிப் போங்கள். ஆம்ப்ளிஃபயர் ஒயரைக் கழற்றிவிட்டு, பின்பக்க டெர்மினலில் ஓம் அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் சுமார் 6 ஓம் காட்டும். 4 ஓம் என்றால் 3-க்கும் கொஞ்சம் மேலே காட்டும். இது சரியான அளவுதான், பயப்பட வேண்டாம். ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கலாம். பூஜ்யத்துக்குக் கிட்ட காட்டினால் ஷார்ட். அதை ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் ஆம்ப்ளிஃபயரும் போய்விடும்.

ஒன்றை மறக்காதீங்க. பின்பக்கத்தில் அளந்தால் பெரிய ஸ்பீக்கரின் கதை மட்டும்தான் தெரியும். ட்வீட்டருக்கு முன்னால் கெபாசிட்டர் தடுப்பதால் மீட்டருக்கு அது தெரியாது. ட்வீட்டருக்குக் காதுதான் மீட்டர்.

தண்ணியில் நின்ற பெட்டியா?

2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சென்னையில் எத்தனையோ வீட்டுக்குள் தண்ணியை விட்டது. தரையில் நின்ற ஸ்பீக்கரும் நனைந்தது. பெட்டிகள் பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைதான். தண்ணி பட்டால் பொரி மாதிரி ஊதிவிடும். மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருப்பார்கள்.

பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ஓரம் உப்பியிருக்கா? திருகாணி துருப்பிடித்திருக்கா? பூஞ்சை வாடை அடிக்குதா? ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோன் மாற்றலாம், காயில் மாற்றலாம். ஊதிப்போன பலகையை ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டும் ஜோடிதானா?

இரண்டு பெட்டியின் பின்பக்கமும் மாடல் எண், சீரியல் எண் பாருங்கள். ஒரே மாடலாக இருக்கணும். ஒரு பெட்டியில் ஒரிஜினல் ஸ்பீக்கர், இன்னொன்றில் வேறு கம்பெனி ஸ்பீக்கரைச் செருகி வைத்திருந்தால் இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி பாடும். திருகாணித் தலை தேய்ந்திருந்தால் யாரோ கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஏன் கழற்றினார்கள் என்று நேராகவே கேளுங்கள்.

பெரிய கம்பெனி ஸ்டிக்கரை மட்டும் வாங்கி ஒட்டி விற்கிற டுபாக்கூர் வேலையும் நடக்கிறது. அந்த மாடலின் எடை எவ்வளவு என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். 12 கிலோ இருக்க வேண்டிய பெட்டி 6 கிலோதான் இருக்கிறது என்றால், உள்ளே இருப்பது காத்து!

அந்தக் காலத்து டி.வி.டி. ஹோம் தியேட்டர் செட்டில் இருந்து ஸ்பீக்கரை மட்டும் தனியாக விற்பார்கள். அதில் பல 3 ஓம், 4 ஓம் வகை. ஒயர் பின்னும் அந்தக் கம்பெனிக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கும். வீட்டில் இருக்கிற ஆம்ப்ளிஃபயர் அத்தனை குறைந்த ஓமைத் தாங்குமா என்று பார்க்காமல் வாங்கினால் இரட்டை நஷ்டம்.

விலை பேசுவது எப்படி?

விக்கிறவர் 'பில்லு 20 ஆயிரம் சார், 12-க்கு தர்றேன்' என்பார். உடனே மயங்காதீங்க. அதே மாடல் இன்றைக்குக் கடையில் எவ்வளவு என்று கேளுங்கள். தள்ளுபடியில் புதுசே 14 ஆயிரத்துக்குக் கிடைக்கலாம். அப்படியென்றால் வெறும் 2 ஆயிரம் மிச்சத்துக்காக வாரன்ட்டியை இழக்கிறீர்கள். பில் விலையில் இருந்து கழிக்காமல், இன்றைய விலையில் இருந்து கழியுங்கள். ரிப்பேர் செலவு, வண்டி வாடகை இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பணம் அனுப்பும்போது பத்திரம்!

இதுதான் ரொம்ப முக்கியம். நீங்கள் பொருளை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தர் போன் போடுவார். பொருளை நேரில் பார்க்கக்கூட மாட்டார், பேரமும் பேச மாட்டார். ராணுவத்தில் வேலை என்று அடையாள அட்டை படம் அனுப்புவார். 'பணம் அனுப்பறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க' என்பார். போட்டால் உங்கள் கணக்கில் இருக்கிற பணம் காலி!

நன்றாக நினைவில் வையுங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம். பின் போட்டால் பணம் போகும், வராது. 'அனுப்பிட்டேன்' என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினாலும் நம்பாதீங்க. வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பொருளைக் கையில் கொடுங்கள்.

வாங்குகிறவர்களும் 'அட்வான்ஸ் போடுங்க, இன்னும் நாலு பேர் கேட்கறாங்க' என்ற அவசரத்துக்கு மசிய வேண்டாம். பகலில், நாலு பேர் இருக்கிற இடத்தில், பாட்டு போட்டுப் பார்த்துப் பணம் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

பாதி விலைக்கும் கீழே, பில் இல்லாமல், அவசரமாகத் தள்ளிவிடப் பார்த்தால் ஒதுங்கிவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 317-வது பிரிவுப்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தே நேர்மையில்லாமல் வாங்கினால் 3 ஆண்டு வரை ஜெயில். பில் இல்லாவிட்டால் வித்தவர் பெயர், மாடல், சீரியல் எண், தொகை, தேதி எழுதி ஒரு கையெழுத்தாவது வாங்கி வையுங்கள்.

வெளியூர் பார்சலா?

ஸ்பீக்கரில் காந்தம் கனமானது. பெட்டியைத் தொப்பென்று போட்டால் காந்தம் இடம் மாறி காயில் உரச ஆரம்பித்துவிடும். வெளியில் ஒரு கீறல்கூட இருக்காது. அதனால் தெர்மோகோல் வைத்து, இரண்டு அட்டைப் பெட்டி போட்டுக் கட்டச் சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன் பாடுகிற வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பிரிக்கும்போதும் வீடியோ எடுங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

விக்கிறவங்களும் கேளுங்க...

குறையை மறைத்து விற்றால் நாளைக்கு வீட்டு வாசலில் சண்டைதான். கோன், வளையம், பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் தெளிவாகப் படம் எடுத்துப் போடுங்கள். கீறல் இருந்தால் கீறல் என்று சொல்லுங்கள். ஒரிஜினல் பில்லும் அட்டைப் பெட்டியும் பத்திரமாக இருந்தால் கூடவே நாலு காசு கிடைக்கும். பாட்டுப் பிரியர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்கிறவர்கள். நேர்மையாக ஒரு ஜோடி விற்றவரைத் தேடி அடுத்த ஆளும் வருவார்.

நல்ல ஸ்பீக்கர் இருபது, முப்பது வருஷம் பாடும். வாங்கும்போது அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க யோசிக்காதீங்க. ஆசைப்பட்டு வாங்குகிற பொருள் வீட்டில் பாட்டு பாடணும்... புலம்ப வைக்கக் கூடாது!