உப்பும் மாத்திரையும்

திருவள்ளூர் மாவட்டத்துக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றைப் பார்வையிடச் சென்றபோது, நெசவாளி அங்கத்தினர் ஒருவர் மருத்துவச் செலவுக்கென நகைக்கடன் பெற்றிருக்கக் கண்டோம். தைராய்டை அடியோடு தீர்க்கும் என்று விற்கப்பட்ட பொடிக்கு அத்தொகை போயிற்று. பொடியை நம்பி அவர் மனைவி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் தார் சுற்றவும் இயலாதபடி அவர் சோர்ந்து போனார். இந்நிலை பிற குடும்பங்களுக்கு நேராதிருக்கவே இதனை எழுதுகிறோம்.

நோயின் இயல்பு

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம் உள்ள சிறு சுரப்பி. அதன் சுரப்பு குறைந்தால் சோர்வு, உடல் பருத்தல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மாதவிலக்குக் கோளாறு முதலியன தோன்றும். மிகுந்தால் உடல் மெலியும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். தறியில் அமர்ந்த அலுப்பு என்றும், வயலில் நின்ற களைப்பு என்றும் கருதி நாட்கடத்தலாகாது. இரத்தப் பரிசோதனையே உண்மையைக் காட்டும்.

உப்பு செய்வது

இச்சுரப்பிக்கு அயோடின் தேவை. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கருவுற்றவருக்கு 250 வேண்டும். இமயமலை அடிவாரத்துக் காங்கரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் இராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வில், அயோடின் கலந்த உப்பை உண்ட பகுதிகளில் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. அதனையொட்டி 1962-இல் தேசியத் திட்டம் பிறந்தது. எனினும் 2018–19 கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதமே, நாடு முழுவதற்கும் 76.3 சதவீதம். அயோடின் சேராத கல்லுப்பின் மீது நமக்குள்ள பற்று இதற்கு ஒரு காரணம். அயோடின் உப்பை மூடிவைத்து, சமையல் முடியும் தறுவாயில் இடுக. அளவை மட்டும் கூட்ட வேண்டா.

மாத்திரை செய்வது

உப்பு, அயோடின் குறைவால் வரும் நோயைத் தடுக்கும். ஆனால் இன்று பலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதால் குறை உண்டாகிறது. அதனை உப்போ, பொடியோ, பத்தியமோ தீர்க்காது. முட்டைக்கோசையும் மரவள்ளியையும் நன்கு வேகவைத்து அளவாக உண்ணலாம்.

சுரப்புக் குறைவுக்குத் தைராக்சின் மாத்திரையே மருந்து. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பி அருந்துக. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி இடைவெளி வேண்டும். உடல் தேறியதென்று தாமே நிறுத்தலாகாது. கருவுற்றதும் தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். சிசுவின் மூளை வளர்ச்சி இதனைப் பொறுத்தது. மிகைச் சுரப்புக்கு மருந்து வேறு.

செலவு

தைராக்சின் விலைக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட, மலிவான மருந்து. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைகளையோ நாடுக. தேவைப்படின் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. வெளியில் வாங்குவோருக்கு மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற முதல்வர் மருந்தகங்களும் உள்ளன. பின்னவற்றுட் பல கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துவன.

நியாயவிலைக் கடை நடத்தும் சங்கங்கள் அயோடின் உப்பை என்றும் இருப்பில் வைத்திருத்தல் வேண்டும். மருத்துவச் செலவுக்கு அங்கத்தினர் கடன் கேட்கையில், அது எதற்கென்று காரியதரிசி பரிவுடன் வினவுவாராக. அந்த ஒரு வினா ஒரு குடும்பத்தின் நகையையும் நலத்தையும் காக்கக்கூடும்.