பெண்களின் குடிநோய்: பழி சொல்லும் முன் கேட்க வேண்டிய கேள்வி

ஆண் குடித்துவிட்டு வந்தால் ‘வேலை அலுப்பு’ என்று சமாதானம் சொல்லும் ஊர், பெண் குடிக்கிறாள் என்று தெரிந்ததும் ‘அவ குணமே சரியில்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்தத் தீர்ப்புக்கு அஞ்சித்தான் பல பெண்கள் துணி அலமாரிக்குள் பாட்டிலை ஒளிக்கிறார்கள். உடம்பு கெட்டு ஓய்ந்த பிறகே மருத்துவரிடம் வருகிறார்கள். குணத்துக்கும் குடிக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். ஆனால், அதை முறையாக ஆராய்ந்தவர்கள் கண்டடைந்தது எந்தப் பெண்ணுக்கு எந்தச் சிகிச்சை பலிக்கும் என்பதற்கான வழியை.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) இந்தியாவில் 15 வயதைக் கடந்த பெண்களில் மது அருந்துவோர் 1.3 சதவீதம், ஆண்களில் ஏறக்குறைய 19 சதவீதம். அருணாச்சலப் பிரதேசத்தில் 24 சதவீதப் பெண்கள் அருந்துவதாகச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அரை சதவீதம்கூட இல்லை. விழுக்காடு சிறிதானாலும், நாடு முழுவதற்குமாகக் கணக்கிட்டால் அது அரைக் கோடிப் பெண்களைத் தாண்டும். வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்க, கேள்வி கேட்பவரிடம் உண்மையைச் சொல்லத் தயங்கியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

பெண்ணுடலில் மது வேறு விதமாக வேலை செய்கிறது. ஒரே எடையுள்ள ஆணைவிடப் பெண்ணின் உடலில் நீரின் அளவு குறைவு. ஆகவே, அதே அளவு மது அவள் ரத்தத்தில் கூடுதல் அடர்த்தியில் கலக்கிறது. கல்லீரல் பாதிப்பும் குறைந்த காலத்திலேயே வந்துவிடுகிறது. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்தியது. மது உண்டாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயும் ஒன்று என்பது பின்னர் உறுதியானது. கர்ப்ப காலத்தில் குடிப்பது குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல முடிந்த எல்லை எதுவும் இல்லை.

சரி, குணம் எங்கே வருகிறது?

கனடாவில் பாட்ரிஷியா கான்ராட், ஷெரி ஸ்டூவர்ட் முதலிய உளவியலாளர்கள் மதுவிலோ வேறு போதையிலோ சிக்கிய பெண்களை ஆராய்ந்து, நான்கு குண இயல்புகளை அடையாளம் கண்டார்கள். முதலாவது, பதற்றத்தைக் கண்டே பதறுவது. நெஞ்சு படபடத்தால் மாரடைப்போ என்று நடுங்கும் பெண், அதை அடக்கக் குடிக்கிறாள். தூக்க மாத்திரையிலும் சிக்கிக்கொள்கிறாள். இரண்டாவது, எதிலும் நம்பிக்கை இழந்து ஒதுங்குவது. அவளுக்கு மது துக்கத்தை மரக்கச் செய்யும் மருந்து. வலி மாத்திரைகளின் பிடியும் அவளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றாவது, விளைவை எண்ணுமுன் செயலில் இறங்கிவிடுவது. நான்காவது, பரபரப்பைத் தேடுவது. இப்படி நான்கு பெண்கள் நான்கு காரணங்களுக்காக ஒரே பாட்டிலைத் திறக்கிறார்கள்.

2000-ஆம் ஆண்டு வெளியான அவர்களின் ஆய்வில் 243 பெண்கள் பங்கேற்றார்கள். சிலருக்கு அவரவர் இயல்புக்கேற்ற குறுகிய ஆலோசனையும் பயிற்சியும் தரப்பட்டன. சிலருக்கு வேறொருவரின் இயல்புக்கான பயிற்சி. இன்னும் சிலருக்குப் பொதுவான படமும் பேச்சும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, தம் இயல்புக்கேற்ற பயிற்சி பெற்றவர்களிடமே மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே சிகிச்சைக்குச் செல்லும் பெண், ‘எவ்வளவு குடிக்கிறேன்’ என்பதோடு ‘எந்த நேரத்தில், எதைத் தாங்க முடியாமல் குடிக்கிறேன்’ என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குடும்பத்தாரும் அவளிடம் கேட்க வேண்டியது அதைத்தான். இந்த இயல்புகள் உள்ள எல்லோரும் குடிநோயாளி ஆவதில்லை. பரம்பரை, சிறுவயதில் பட்ட வன்முறை, கணவரின் குடி, தனிமை எல்லாம் சேர்ந்தே ஆளை வீழ்த்துகின்றன.

அமெரிக்க முன்னாள் அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டின் கதை பலருக்கு வழி திறந்தது. கழுத்து நரம்பு வலிக்காகத் தொடங்கிய மாத்திரைகளும் மதுவும் சேர்ந்து அவரை முடக்கின. 1978-இல் குடும்பத்தினர் கூடி அமர்ந்து அவரிடம் நேரடியாகப் பேசினார்கள். கடற்படை மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். சேர்ந்ததையும் காரணத்தையும் ஊரறியச் சொன்னார். 1982-இல் தம் பெயரிலேயே ஒரு சிகிச்சை மையத்தைக் கலிஃபோர்னியாவில் தொடங்கி, பெண்களுக்கும் அதில் சம இடம் கிடைக்கச் செய்தார்.

நம் வீடுகளில் நடக்கும் சில தவறுகள் உயிருக்கே ஆபத்தானவை. தினமும் அதிகமாகக் குடிப்பவரை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்த வைத்தால், கை நடுக்கத்தோடு நிற்காமல் வலிப்பும் பிதற்றலும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று விற்கப்படும் மருந்துகளைத் தொடவே கூடாது. மதுவோடு சேர்ந்தால் கடும் எதிர்விளைவை உண்டாக்கும் டைசல்ஃபிராமை, குடிப்பவர் அறிந்து சம்மதித்தால் மட்டுமே மருத்துவர்கள் தருவார்கள். தூக்க மாத்திரையோடு மதுவைச் சேர்ப்பது மூச்சையே நிறுத்திவிடலாம்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மதுவால் வரும் மனநலப் பாதிப்பும் நோய்தான். அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும். சங்கிலியால் கட்டக் கூடாது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. விருப்பத்துக்கு மாறாக வேலை வாங்கக் கூடாது. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. சம்மதமின்றி ஒரு பெண்ணை அனுமதிக்க வேண்டுமானால், சட்டம் சொல்லும் நிபந்தனைகளின்படி இருவர், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக, தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும்; மூன்று நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது அதே சட்டம். குடிக்கிறாள் என்பதற்காக ஒரு பெண்ணை வீட்டில் அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்கும் பொருந்தும்.

முதல் அழைப்புக்குப் பணம் தேவையில்லை. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ 14416, வன்முறை என்றால் பெண்கள் உதவி எண் 181. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் வெளிநோயாளியாகவே தொடங்கலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும், பெங்களூரு நிம்ஹான்ஸும் இத்துறையில் நீண்ட அனுபவம் கொண்டவை. தனியார் மையம் என்றால் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, பெண்களுக்குத் தனி இடமும் பெண் பணியாளரும் உண்டா, மருத்துவர் தினமும் வருகிறாரா. அங்கே உரிமை மீறல் நடந்தால் மறுஆய்வு வாரியத்தில் புகார் செய்யலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்; அதற்கான எண் 15100.