புது விண்டோஸ்: உடனே மாறலாமா?

பில் போடும் கம்ப்யூட்டரில் புதிய பதிப்பு தயார் என்று அறிவிப்பு வந்ததும், மாறலாமா வேண்டாமா என்ற கேள்வி வணிகப் பெருமக்கள் பலருக்கும் எழுகிறது.

புது மில் அரிசி வந்தால், ஒரு மூட்டை எடுத்துச் சமைத்துப் பார்த்த பிறகே லோடு இறக்குகிறோம். இதிலும் அதே நிதானம் வேண்டும். 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 பதிப்பு, சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டது. மைக்ரோசாப்ட் சில நாட்களில் அதை நிறுத்தி, சரிசெய்து, நவம்பர் 13-ல் மீண்டும் வெளியிட்டது. ஆறு வாரம் பொறுத்தவர்கள் தப்பினார்கள்.

ஆனால் மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தம் வேறு. அதைத் தள்ளிப்போடக் கூடாது. 2017 மார்ச்சில் வந்த திருத்தத்தைப் போடாத கம்ப்யூட்டர்களில், மே மாதம் வன்னாகிரை வைரஸ் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அதிலேயே நிலைத்திருப்பதும் ஆபத்தே.

மாறுமுன் கவனிக்க வேண்டியவை:

1. கணக்கு முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். கணக்கு போனால், வரவேண்டிய பாக்கியும் போகும்.

2. பில்லிங் மென்பொருள், பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர் ஆகியவை புதிய பதிப்பில் இயங்குமா என்று விற்றவரிடம் கேட்க வேண்டும்.

3. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் 4 ஜிபி ராமும் தேவை. பழைய கம்ப்யூட்டர்கள் பல தேறாது.

4. தீபாவளி, பொங்கல் விற்பனையின்போதும் ஜிஎஸ்டி தாக்கல் நாட்களிலும் மாற்ற வேண்டாம்.

மாறிய 10 நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி உண்டு. அதற்குள் எல்லா வேலையையும் சோதித்துவிட வேண்டும்.

அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம் என்பதே நமது வேண்டுகோள்.